வேலூர் ரோடு ஏன் வளைகிறது?

"மாமா, இதைப் பாருங்க. ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாப்ல போகுது. நம்ம வேலூர் ரோடு மட்டும் எதுக்கு இப்படி வளைஞ்சு வளைஞ்சு வருது?"

அக்கா மகன் செல்போனை நீட்டினான். கனடாவில் சஸ்காட்செவன் என்றொரு மாகாணம். அங்கே லாரி ஓட்டும் யாரோ எடுத்துப் போட்ட வீடியோ. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை கோதுமை, நடுவில் ரோடு. மலை இல்லை, மரம் இல்லை, திருப்பமும் இல்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். அவன் குரூப் 4-க்குப் படிக்கிறவன். நான் நில அளவையில் சங்கிலி பிடித்துப் பென்ஷன் வாங்குகிறவன். என்னிடம் இப்படிக் கேட்டால் ஒரு டீயோடு எழுந்துபோக முடியாது என்று அவனுக்குத் தெரியும். வடைக்கும் சேர்த்தே சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

முதலில் இந்த ரோடு எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம். வேலூரில் இருந்து தெற்கே கணியம்பாடி, கண்ணமங்கலம். கண்ணமங்கலத்தில் ஆரணிக்குப் பிரியும். அப்புறம் போளூர், செய்யாற்றுப் பாலம், நாயுடுமங்கலம் கூட்ரோடு, வேங்கிக்கால், திருவண்ணாமலை. ஊரைத் தாண்டியதும் தென்கிழக்கே திரும்பி, கண்டாச்சிபுரம் வழியாக விழுப்புரம். வேலூருக்கும் நமக்கும் 80 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், விழுப்புரத்துக்கு 60-க்குக் கொஞ்சம் மேல். அதோடு நிற்கவில்லை. விழுப்புரத்தில் திருச்சி ரோட்டில் ஏறி, உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மதுரை, அருப்புக்கோட்டை என்று தூத்துக்குடி வரைக்கும் ஒரே எண். தேசிய நெடுஞ்சாலை 38. டீக்கடை வாசலில் ஓடும் தார் கணக்குப்படி துறைமுகத்தில் போய்த்தான் முடிகிறது.

இங்கே யாரும் 38 என்று சொல்வதில்லை என்பது வேறு. நமக்கு இது வேலூர் ரோடு. வேலூர்க்காரர்களுக்கு இதே ரோடு ஆரணி ரோடு. விழுப்புரத்தில் கேட்டால் திருவண்ணாமலை ரோடு என்பார்கள். எண் என்பது மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல்லுக்கும், பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும்தான். ஆனால் பரீட்சை எழுதும் பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கிறானே, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2010 வரைக்கும் இதற்கு 234 என்று எண். அந்த 234 மங்களூரில் கிளம்பும். சார்மாடி மலைப்பாதை ஏறி, கர்நாடகத்தைக் குறுக்கே கடந்து, முல்பாகல், பேரணாம்பட்டு, குடியாத்தம், வேலூர் என்று வந்து, நம்மைத் தொட்டுக்கொண்டு விழுப்புரத்தில் முடியும். எண்ணைப் பார்த்து ரோடு எந்தத் திசையில் கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. 2010-ல் டெல்லியில் நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகள் எல்லாவற்றுக்கும் எண்ணை மாற்றினார்கள். மங்களூர் ரோட்டைத் துண்டுபோட்டு ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு எண்ணோடு சேர்த்தார்கள். நம் துண்டு தூத்துக்குடி ரோட்டோடு சேர்ந்தது.

புது ஏற்பாட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. வடக்கு தெற்காகப் போகும் ரோட்டுக்கு இரட்டைப்படை எண், கிழக்கில் தொடங்கி மேற்கே போகப் போக எண் ஏறும். தமிழ்நாட்டைக் குறுக்கே பார்த்தால் கடலோரத்தில் 32, அதற்கு மேற்கே நம் 38, அதற்கும் மேற்கே ஸ்ரீநகரில் இருந்து கன்னியாகுமரிக்கு வரும் 44, கடைசியில் அரபிக்கடலோரம் பன்வேலில் இருந்து கேரளா வழியாகக் கன்னியாகுமரிக்கு இறங்கும் 66. கிழக்கு மேற்காகப் போகும் ரோட்டுக்கு ஒற்றைப்படை, வடக்கில் இருந்து தெற்கே வரவர எண் ஏறும். பெங்களூர் பக்கமிருந்து வேலூருக்கு வருவது 75. கிருஷ்ணகிரியில் இருந்து நம் ஊர் வழியாகத் திண்டிவனம் போவது 77. சேலம் உளுந்தூர்பேட்டை 79. கோவையில் இருந்து திருச்சி வழியாகச் சிதம்பரம் 81. நாகப்பட்டினத்துக்கு 83. கொச்சியில் இருந்து மதுரை வழியாகத் தொண்டி 85. ராமேஸ்வரத்துக்கு 87. படி இறங்குகிற மாதிரி இறங்கும்.

"அப்ப 48 மாமா? சென்னை பெங்களூர் ரோடு கிழக்கு மேற்காத்தான போகுது. அதுக்கு எப்படி இரட்டைப்படை?"

நல்ல கேள்வி. 48 டெல்லியில் கிளம்புகிற ரோடு. ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே, பெங்களூர் என்று தெற்கே வந்துவிட்டுக் கடைசியில்தான் சென்னைக்குத் திரும்புகிறது. மொத்தத்தில் வடக்கு தெற்கு. கடைசிக் கால் மட்டும் மடங்கியிருக்கிறது. மூன்று இலக்கம் இருந்தால் அது கிளை. பின்னால் இருக்கும் இரண்டு இலக்கம் தாய் ரோட்டின் எண். சேலத்தில் இருந்து கோவை வழியாகக் கொச்சி போகும் 544, 44-ன் பிள்ளை. சென்னையில் இருந்து புதுச்சேரிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை 332ஏ, 32-ன் பிள்ளை. இவ்வளவு தெரிந்தால் பரீட்சைக்குப் போதும். ஆனால் அவன் கேட்டது எண்ணைப் பற்றி இல்லை, வளைவைப் பற்றி. டெல்லியில் எண்தான் போட முடியும். வளைவைப் போட்டது இங்கே இருக்கும் தண்ணீர்.

ஜவ்வாது மலை நமக்கு மேற்கே நிற்கிறது. கடல் கிழக்கே. திருவண்ணாமலை கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 170 மீட்டர். விழுப்புரம் 50 மீட்டர்கூட இருக்காது. ஆக மலையில் விழும் மழை மேற்கில் இருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் ஓடியாக வேண்டும். வேலூர் ரோடு வடக்கு தெற்காகக் கிடக்கிறது. அதாவது வருகிற தண்ணீரை எல்லாம் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும் ரோடு இது. கண்ணமங்கலம் பக்கம் நாகநதி, போளூருக்குத் தெற்கே செய்யாறு, நடுவில் பேர் தெரியாத ஓடைகள் எத்தனையோ. வருஷத்தில் முக்கால்வாசி நாள் செய்யாற்றில் மணல்தான் கிடக்கும். அந்த மணலைப் பார்த்துவிட்டு இவ்வளவு நீளப் பாலம் எதற்கு என்று கேட்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

ஆற்றைவிட ஏரிதான் ரோட்டை அதிகம் வளைக்கிறது. இந்தச் சமவெளியில் ஓடுகிற தண்ணீரை அப்படியே விட்டால் இரண்டு நாளில் கடலுக்குப் போய்விடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் கரை போட்டுத் தேக்கினார்கள். ஓர் ஏரி நிறைந்து கோடி போனால் அந்தத் தண்ணீர் அடுத்த ஏரிக்கு, அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. கரைக்குக் கீழே மதகு. மதகுக்குக் கீழே நஞ்சை. நஞ்சை என்றால் வருஷத்தில் பாதி நாள் சேறு. மாட்டுவண்டி அதில் இறங்கினால் அச்சு வரைக்கும் புதையும். அதனால் வண்டிப்பாதை நஞ்சையைச் சுற்றிக்கொண்டு மேட்டோரம் போனது, இல்லாவிட்டால் ஏரிக்கரை மேலேயே ஏறிப் போனது. கரை பிறை மாதிரி வளைந்தால் பாதையும் வளைந்தது. பிறகு அந்தப் பாதையில் கப்பி போட்டார்கள், தார் போட்டார்கள், அகலப்படுத்தினார்கள். கிராமத்துக்குள் போகும் நம் ரோடுகளில் ஒரு பக்கம் ஏரித் தண்ணீரும் மறுபக்கம் பத்தடி ஆழத்தில் நெல்வயலுமாகப் போகிற இடம் வந்தால், நாம் ஏரிக்கரை மேல் போய்க்கொண்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வேங்கிக்கால் ஏரியையே எடுத்துக்கொள்ளலாம். 1989 செப்டம்பர் 30-ல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று ஆக்கினார்கள். அதற்கு முன்னால் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் இதே ரோட்டில் வேலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். பிறகு கலெக்டரே வேங்கிக்காலுக்கு வந்துவிட்டார். ஆபீஸ் வந்ததும் வீட்டு மனை வந்தது, ஜெராக்ஸ் கடை வந்தது, மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் வந்தார்கள். ஏரி மட்டும் எங்கேயும் போகவில்லை. நல்ல மழையில் அது கோடி போனால் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடும். அந்த வழியில் இப்போது ரோடும் கடையும் இருப்பது அதற்குத் தெரியாது.

வளைவை நிமிர்த்தவும் செய்கிறார்கள். இந்திய சாலைப் பேராயத்தின் விதிப்படி, சமவெளியில் போகும் பெரிய ரோட்டின் வளைவுக்கு 360 மீட்டர் ஆரம் இருக்க வேண்டும். இடமே இல்லாவிட்டாலும் 230-க்குக் கீழே இறங்கக்கூடாது. அதற்குக் குறையாமல் இருந்தால்தான் வேகமாக வரும் பஸ் தூக்கி எறியப்படாமல் திரும்பும். மாட்டுவண்டிக்கு இந்தக் கணக்கு கிடையாது, அது முப்பது மீட்டரிலும் திரும்பும். ஆகவே ரோட்டை அகலப்படுத்தும்போது கூர்மையான வளைவுகளைக் குறுக்கே வெட்டி நேராக்குவார்கள். அப்படி வெட்டிய இடத்தில் பழைய ரோடு அரைவட்டமாக ஓரத்தில் கிடக்கும். கவனித்தால் தெரியும்: புது ரோட்டை விட்டுச் சற்றுத் தள்ளி, வரிசை வளைந்து நிற்கும் புளியமரங்கள், அடிமரத்தில் பட்டையாகப் பூசிய சுண்ணாம்பு பாதி உதிர்ந்து, நெடுஞ்சாலைத் துறை கறுப்பில் எழுதிய மர எண் மட்டும் மிச்சம். நடுவில் தார் பெயர்ந்து புல் முளைத்திருக்கும். மல்லாட்டை காய வைக்க அதைவிட நல்ல களம் ஊரில் கிடையாது.

இனி மலைக்கு வருவோம். அண்ணாமலை 2,668 அடி. எந்த ரோடும் அதை ஊடுருவிப் போகப் போவதில்லை. கோயில் மலைக்குக் கிழக்கு அடிவாரத்தில். எனவே எல்லா ஊரில் இருந்தும் வரும் பாதைகள் அந்த அடிவாரத்தை நோக்கி வந்து கூடின. வேலூர் ரோடு, அவலூர்பேட்டை ரோடு, திண்டிவனம் ரோடு, வேட்டவலம் ரோடு, திருக்கோவிலூர் ரோடு, மணலூர்பேட்டை ரோடு, தண்டராம்பட்டு ரோடு, செங்கம் ரோடு, காஞ்சி ரோடு. ஒன்பது. தீபத்தன்று இந்த ஒன்பது ரோட்டிலும் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையம் போடுவார்கள். நேராகப் போக வேண்டிய 38 இந்த ஊருக்குள் வந்து நுழைந்து, திசை மாறி வெளியேறுவதற்கும் அதுதான் காரணம். ரோடு போட்டவர்கள் யாரும் ஊர் ஓரமாக ஒரு கோடு இழுத்துப் பார்க்கவில்லை. ஜனங்கள் கோயிலுக்குத்தான் நடந்தார்கள், ரோடு பின்னால் வந்தது. செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரம் வரைக்கும் கிரிவலம் போகும் பாதையும் கிருஷ்ணகிரி ரோடும் ஒன்றேதான். பௌர்ணமியன்று அந்த ரோட்டில் லாரி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அந்தச் செங்கம் ரோடு எவ்வளவு பழையது என்று சொன்னால் பையன் நம்பவில்லை. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் இருக்கிறதல்லவா, பெருங்கௌசிகனார் பாடியது. அதன் தலைவன் நன்னன். அவன் ஊர் செங்கண்மா, நம் செங்கம். பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன், எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு. வழி என்றால் மேம்போக்காக இல்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காக்கிறவர்கள் கவண்கல் வீசும் இடத்தில் எப்படிப் போக வேண்டும், பாசி வழுக்கும் பாறையில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், யார் வீட்டில் சோறு கிடைக்கும், சேயாறு எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லிக்கொண்டே போகும். 583 அடி. இன்றைக்கு நெடுஞ்சாலைக்குத் திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் ஒரு தடவை படித்தால் கெட்டுப்போக மாட்டார்கள். வழியில் இருக்கும் மனிதர்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு எழுதிய வழிக்குறிப்பு அது.

அதே வழியில் 1767-ல் படைகள் ஓடின. செப்டம்பர் தொடக்கத்தில் செங்கத்தில் ஹைதர் அலி, ஐதராபாத் நிஜாம் இரண்டு பேர் படையும் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையோடு மோதின. சண்டையில் ஸ்மித் தோற்கவில்லை, ஆனால் சோற்றுக்கு அரிசி இல்லை. அரிசி தேடித் திருவண்ணாமலைக்கு வந்தார். அந்த மாதக் கடைசியில் இங்கே மறுபடி சண்டை. ஜவ்வாது மலைக்கும் கல்ராயன் மலைக்கும் நடுவில் மேற்கே ஏறுவதற்கு வாகான இடைவெளி செங்கம் பக்கம்தான் இருக்கிறது. கூத்தனும், குதிரைப்படையும், இப்போது புதுச்சேரியில் இருந்து பெங்களூர் போகும் பஸ்ஸும் அதில்தான் நுழைந்தாக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 77 என்பது அந்த இடைவெளிக்கு டெல்லி கொடுத்த எண். பழைய வரைபடங்களில் இதற்கு 66 என்று போட்டிருக்கும், குழம்ப வேண்டாம்.

"சரி மாமா, அந்த ஊர்ல மட்டும் எப்படி நேரா போட்டாங்க? அங்க ஆறு குளம் இல்லியா?"

இருக்கிறது. ஆனால் அங்கே ரோட்டுக்கு முன்னால் போனது சங்கிலி. இது என் தொழில் சமாசாரம் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன்.

நில அளவைச் சங்கிலி 66 அடி. எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயர் 1620-ல் ஏற்பாடு செய்தது. ஒரு சங்கிலிக்கு 100 லிங்க்ஸ். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. வேங்கிக்காலில் இன்றைக்கு சென்ட் என்ன விலை என்று பேசிக்கொள்கிறார்களே, அந்தச் சென்ட் அந்தச் சங்கிலியில் இருந்து வந்ததுதான். அதே 66 அடிச் சங்கிலியை வைத்துத்தான் கனடாவின் புல்வெளியையும் அளந்தார்கள். சங்கிலி ஒன்று, அளந்த விதம்தான் வேறு.

அங்கே 1871-ல் வின்னிபெக் நகருக்கு மேற்கே வடக்கு தெற்காக ஒரு கோடு அடித்து அதில் இருந்து தொடங்கினார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம். அதற்குள் ஒரு மைலுக்கு ஒரு மைலாக 36 கட்டம். ஒரு கட்டம் 640 ஏக்கர். கால் கட்டம், 160 ஏக்கர், குடியேற வருகிறவனுக்கு. பதிவுக்கட்டணம் 10 டாலர். கட்டங்களுக்கு இடையில் ரோட்டுக்கென்று ஒன்றரைச் சங்கிலி, 99 அடி, விட்டுவைத்தார்கள். 1881-க்குப் பிறகு அதை ஒரு சங்கிலியாகக் குறைத்தார்கள். இதெல்லாம் ஆள் வருவதற்கு முன்னால். யார் எங்கே வீடு கட்டுவான், எங்கே கிணறு வெட்டுவான் என்று எதுவும் தெரியாதபோதே ரோட்டுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. பிறகு குடியேறியவன் அந்தக் கட்டத்துக்குள் தன்னைப் பொருத்திக்கொண்டான். வீடியோவில் பார்த்த ரோடு நேராக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அங்கேயும் வளைவு உண்டு என்பதுதான் வேடிக்கை. பூமி உருண்டை. வடக்கு நோக்கிப் போகும் இரண்டு கோடுகள் மேலே போகப் போக நெருங்கும். சதுரம் சதுரமாகவே இருக்க வேண்டுமென்றால் நடுநடுவே சரிசெய்தாக வேண்டும். அதற்காக 24 மைலுக்கு ஒரு திருத்தக் கோடு வைத்தார்கள். அந்தக் கோட்டில் கட்டங்களைப் புதிதாகத் தொடங்கும்போது, தெற்கில் இருந்து வரும் கிராமத்து ரோடு வடக்கே போகும் தன் மறுபாதியோடு சேராது. கொஞ்சம் தள்ளி நிற்கும். வண்டிக்காரன் ஒரு திருப்பம் திரும்பி, சற்றுத் தூரம் பக்கவாட்டில் போய், மறுபடியும் வடக்கே திரும்ப வேண்டும். ஆற்றுக்கும் ஏரிக்கும் வளையாத ரோடு கணக்குக்கு வளைந்தது.

ஆள் வருவதற்கு முன்னால் என்றேன். அது அரசாங்கத்தின் பார்வை. அந்தப் புல்வெளியில் கிரீ மக்கள் இருந்தார்கள், மெத்தி மக்கள் இருந்தார்கள். செவ்வாற்றின் கரையில் மெத்தி மக்களுடைய நிலம் நம் ஊர்ப் பாகப்பிரிவினை நிலம் மாதிரி நீள நீளத் துண்டு: ஆற்றோரம் கொஞ்சம் முகப்பு, அங்கிருந்து பின்னால் இரண்டு மைல். எல்லாருக்கும் தண்ணீர் வேண்டுமே. 1869 அக்டோபர் 11-ம் தேதி சதுரக் கட்டம் போட வந்த அளவைக்காரர்கள் அந்த நிலத்துக்குக் குறுக்கே சங்கிலியை இழுத்தார்கள். லூயி ரியேல் என்ற இளைஞரும் கூட இருந்தவர்களும் வந்து சங்கிலியை மிதித்துக்கொண்டு நின்றார்கள். அளவை நின்றது. அதில் தொடங்கிய எதிர்ப்புதான் 1870-ல் மானிடோபா மாகாணம் பிறக்கக் காரணம். பிற்பாடு, 1885 நவம்பர் 16-ல், ரியேலை ரெஜைனாவில் தூக்கில் போட்டார்கள். அந்த ரெஜைனாதான் சஸ்காட்செவனுக்குத் தலைநகர்.

பையன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டான்.

நம் ஊரில் சங்கிலி பின்னால் வந்தது. ரயத்துவாரி அளவைக்கு வந்தவன் இங்கே கட்டம் போட முடியாது. வரப்பு ஏற்கெனவே இருக்கிறது, அனுபவம் இருக்கிறது, ஏரி இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது. அவன் செய்ய முடிந்ததெல்லாம், இருக்கிற கோணல் வரப்புக்கு மூலைக்கு மூலை கோடு போட்டு, பக்கவாட்டில் ஆப்செட் எடுத்து, அந்தக் கோணலை அப்படியே புலப்படத்தில் ஏற்றுவதுதான். வண்டிப்பாதைக்கும் ஒரு சர்வே எண் கொடுத்து 'ரோடு புறம்போக்கு' என்று எழுதினான். ஏரிக்கு ஏரி புறம்போக்கு, வாய்க்காலுக்கு வாய்க்கால் புறம்போக்கு. அந்த எழுத்துதான் இன்றைய 38-க்கு அடியில் இருக்கிறது. புலப்படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு ரோட்டில் நடந்தால், ஒவ்வொரு வளைவிலும் யாருடைய வரப்பு, எந்த ஏரியின் கரை என்று ஆப்செட்டோடு காட்டலாம்.

இதை அழித்துவிட்டு நேர்கோடு போட நம் ஊரிலும் ஒரு தடவை பார்த்தார்கள். 2018-ல் அறிவித்த சென்னை - சேலம் எட்டு வழிச்சாலை. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். ஐந்து மாவட்டங்களில் நம் மாவட்டத்துக்குத்தான் அதிக நீளம்: செய்யாறு, வந்தவாசி, போளூர், செங்கம் பக்கமெல்லாம். இருக்கிற எந்த ரோட்டின் மேலும் ஏறாமல், வயலின் மேல் புதிதாகக் கோடு. நம் வேலூர் ரோட்டையும் அறுத்துக்கொண்டு மேற்கே போயிருக்கும். வரைபடத்தில் பார்க்க அழகுதான். ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே மூன்று போகம் விளையும் கிணற்றுப் பாசன நிலம் இருந்தது, கிணறே இருந்தது, தென்னை இருந்தது. கிணறு ரோட்டுக்கு இந்தப் பக்கமும் நிலம் அந்தப் பக்கமுமாகிவிட்டால் மிச்ச நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அளவுக்கல் நட்டார்கள், விவசாயிகள் பிடுங்கினார்கள், போலீஸ் வந்தது. 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கை செல்லும் என்றது. ஆனால் வேலையைத் தொடங்குவதற்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியாக வேண்டும் என்றும் சொன்னது. ரோடு இன்னும் மண்ணில் இறங்கவில்லை. சேலத்துக்கு வேகமாகப் போக ஒரு ரோடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டே ஊத்தங்கரை வரை போன உடம்பு இது. இருக்கிற ரோட்டை முதலில் அகலப்படுத்திப் பார்க்காமல், காலி நிலத்தில் போடுவது மாதிரி போட நினைத்ததுதான் எனக்கு ஒப்பவில்லை. இந்த மாவட்டத்தில் காலி நிலம் எது என்று என்னைக் கேட்டிருந்தால் மலை உச்சியைத்தான் காட்டியிருப்பேன், அங்கேயும் கார்த்திகைக்குக் கொப்பரை ஏறிவிடும்.

"அப்ப நம்ம நிலத்துல ரோடு வந்தா என்ன மாமா பண்றது? கல்லு நட்டுட்டா போச்சா?"

கல் நட்டதால் போய்விடாது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ல் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் 3ஏ: இன்னின்ன சர்வே எண்ணில் இவ்வளவு நிலம் எடுக்க எண்ணியிருக்கிறோம் என்று அரசிதழில் போட வேண்டும், இரண்டு உள்ளூர்ப் பத்திரிகையிலும் சாரத்தைப் போட வேண்டும், அதில் ஒன்று தமிழ்ப் பத்திரிகையாக இருக்க வேண்டும். அது அரசிதழில் வந்த 21 நாளுக்குள் 3சி-யின் கீழ் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். கொடுத்தால் அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். பிறகு 3டி வந்தால்தான் நிலம் அரசாங்கத்துக்குப் போகிறது. 3ஏ வந்து ஒரு வருஷத்துக்குள் 3டி வராவிட்டால், கோர்ட் தடை ஏதும் இல்லையென்றால், 3ஏ காலாவதி. அதற்கப்புறம் 3ஜி-யில் இழப்பீடு. 2015-ல் இருந்து அதற்கு 2013-ம் வருஷத்து நில எடுப்புச் சட்டத்தின் கணக்குதான்.

நிறையப் பேர் கோட்டை விடுவது அந்த 21 நாளில். பத்திரிகை விளம்பரத்தில் பொடி எழுத்தில் சர்வே எண்ணும் உட்பிரிவும்தான் முதலில் கண்ணில் படும். தன் நிலத்தின் சர்வே எண் வாயில் வராதவனுக்கு அந்த விளம்பரம் வடை கட்டும் காகிதம்.

"உங்க தாத்தா நிலம் போளூர்ப் பக்கம் இருக்குதே, அதுக்கு என்னா நம்பர், சொல்லு?"

பையன் முழித்தான். அண்ணன் தம்பி நான்கு பேர் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் மல்லாட்டை போடுகிறார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில். நாளைக்கு ரோடு வந்தால் தொகை யாருக்கு எவ்வளவு என்று தகராறு வரும். தகராறு வந்தால் 3எச்-ன்படி அதிகாரி அதை சிவில் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார். நிலம் போயிருக்கும், ரோட்டில் பஸ்ஸும் ஓடும், பணத்துக்கு வாய்தா போய்க்கொண்டிருக்கும்.

"அப்பாகிட்ட சொல்லுடா மாப்ள. பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டு, தாலுகா ஆபீஸ்ல உட்பிரிவுக்கு மனு கொடுக்கச் சொல்லு. சர்வேயர் வந்து அளக்கும்போது நாலு பேரும் நிலத்துல இருக்கணும், கையெழுத்துப் போடணும். நானும் வர்றேன்."